ஒரு பாவு தூரம்

சுடுகாடு சுற்றுகிறவள் என்று எங்கள் தெருவில் எனக்கு ஒரு பட்டம் உண்டு. என் முகத்துக்கு நேராகச் சொல்ல ஆள் கிடையாது. முதுகுக்குப் பின்னால் சொல்லிக்கொள்வார்கள். சொல்லட்டும். நான் சுடுகாடு தேடிப் போகவில்லை. டப்பா தேடிப் போனேன்.

ஆரணி பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு பிரௌசிங் சென்டரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டாயிரத்துக்குப் பிறகான வருடங்கள் அவை. ஐந்து கம்ப்யூட்டர், ஒரு பிரிண்டர், பாதி நாள் கரண்ட். வெளிநாட்டில் நில அளவை வேலையில் இருந்த என் தம்பி, லீவில் வந்தபோது உள்ளங்கை அளவு மஞ்சள் கருவி ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தான். ஜிபிஎஸ். நாம் நிற்கும் இடத்தை இரண்டு வரி எண்ணாகக் காட்டும். எண்ணைக் கொடுத்தால் அந்த இடத்துக்கு அம்புக்குறி போட்டு அழைத்துப் போகும்.

"எனக்கு எதுக்குடா இது?"

"வெளையாட்டு, அக்கா. உலகம் பூரா ஆடிகினு கீறாங்க. எவனாவது ஒரு டப்பாவ எங்கயாவது ஒளிச்சு வெச்சிட்டு, அந்த எடத்து நம்பர நெட்டுல போடுவான். நீ போய்த் தேடி எடுத்து, உள்ள கீற நோட்டுல கையெழுத்து போட்டுட்டுத் திரும்ப அங்கயே வெச்சிடணும்."

"டப்பாவுல இன்னா இருக்கும்?"

"ஒண்ணும் இருக்காது."

"ஒண்ணும் இல்லாத டப்பாவுக்கு நான் வெயில்ல அலையணுமா?"

"நீ சும்மாவே ஊரோட சண்ட போட்டுகினுதான அலையிற. அதுக்கு இது தேவல."

அவன் சொன்னது சரி. சென்டருக்கு லீவு விடும் நாட்களில் மொபெட்டை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். எங்கள் சுற்றுவட்டாரத்தில் இருந்த டப்பாக்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். எல்லாம் வெளிநாட்டுக்காரர்கள் வந்து வைத்துவிட்டுப் போனவை. அவற்றில் பெரும்பாலானவை பழைய கல்லறைப் பக்கமாகவே இருந்தன. ஏன் என்று பிறகு புரிந்தது. கல்லறைக்கு நம் ஆட்கள் போக மாட்டார்கள். டப்பா பத்திரமாக இருக்கும்.

முதல் டப்பா வந்தவாசி ரோட்டிலிருந்து பிரியும் ஒரு மண்பாதையின் கடைசியில் இருந்தது. வேலிகாத்தான் முள்ளுக்குள் இடிந்த செங்கல் மதில், அதற்குள் ஆள் உயரத்துக்குக் கூம்பு கூம்பாகக் கல்லறைகள். இங்கே சண்டை போட வந்து செத்த வெள்ளைக்காரர்கள். படுக்கைக் கல் ஒன்றின் மேல் ஒரு அம்மா மல்லாட்டை, வேர்க்கடலைதான், காயவைத்துக்கொண்டிருந்தாள்.

"இது சமாதிம்மா," என்றேன்.

"தெரியும். தொரை கல்லு. நல்லா சூடு புடிக்கும். ரெண்டே நாள்ல காஞ்சிடும்." என்னை மேலும் கீழும் பார்த்தாள். "நீ இன்னாத்துக்கு வந்த? பொம்பள தனியா?"

டப்பா தேடி வந்தேன் என்றேன். சிரித்துவிட்டு, மதிலில் இருந்த பொந்தைக் கையால் காட்டினாள். "அதா? அத நான் வாரத்துக்கு ஒருவாட்டி தொறந்து பாப்பேன். உள்ள ஒரு நோட்டுதான் கீது."

நோட்டில் நான்கு கையெழுத்து. நான்கும் இங்கிலீஷ். ஐந்தாவதாக நான் தமிழில் போட்டேன். அந்த அம்மாளுக்கும் ஒரு பக்கம் கொடுத்தேன். கைநாட்டு வைக்க மை இல்லை என்று சொல்லிவிட்டாள்.

அதற்குப் பிறகு மற்ற இடங்கள், ஒவ்வொன்றாக. பெரணமல்லூர் போகும் வழியில் ஒரு வேப்பமரத்தடியில் ஒரு வெள்ளைக்காரனின் கல்லுக்கு மஞ்சள் பூசிக் குங்குமம் வைத்து, முன்னால் சுருட்டு கொளுத்தி வைத்திருந்தார்கள். சாமி பெயர் என்ன என்று கேட்டேன், யாருக்கும் தெரியவில்லை. சமணர்கள் இருக்கும் ஒரு ஊரில், பாறை மேல் இரண்டு பாதங்கள் மட்டும் செதுக்கிய இடம். சாப்பாட்டை நிறுத்தி உயிரை விட்ட ஒரு துறவியின் இடம் என்றார்கள். ஆற்காட்டுப் பக்கம் ஒரு தர்கா கல்லறையில் கல் எல்லாம் சாய்ந்து கிடந்தது. ஆனால் ஒவ்வொன்றையும் தலைமுறை தலைமுறையாக யாரோ அடையாளம் வைத்திருந்தார்கள். இது இன்னாருடையது என்று பத்து வயதுப் பையன் கூடச் சொன்னான்.

ஒன்று கற்றுக்கொண்டேன். கருவி நம்மைக் கிட்டத்தில் கொண்டுபோய் விடும். கடைசி இருபதடி அதற்குத் தெரியாது. இங்கேதான், ஏழு மீட்டருக்குள் என்று சொல்லிவிட்டு அம்புக்குறி பைத்தியம் பிடித்த மாதிரி சுற்றும். அதற்கு மேல் நம் கண், நம் கை, நம் பிடிவாதம். எனக்குப் பிடிவாதம் அதிகம். கிடைக்காமல் திரும்பியது ஒரே ஒரு தடவை. அந்த டப்பாவை ஆடு மேய்ப்பவர் சோறு கொண்டுபோக எடுத்துக்கொண்டுவிட்டார்.

ஒரு நாள் இன்னொரு வெள்ளைக்காரக் கல்லறையில், மூலையில் ஒரு சின்னக் கல்லைப் பார்த்தேன். இரண்டு சாண் உயரம்தான். பாசியைச் சுரண்டினேன். பிளஸ் டூ வரை படித்த இங்கிலீஷில் எழுத்துக் கூட்டிப் படித்தேன். ஒன்பது நாள் உயிரோடிருந்த மகள். இந்தக் கல்லை வைத்தவர் அவளுடைய அப்பா.

டப்பாவை மறந்துவிட்டு அங்கேயே உட்கார்ந்தேன். அழுகை வரவில்லை. கோபம்தான் வந்தது.

தொண்ணூறுகளின் நடுவில் எனக்கு முதலில் ஒரு பெண் பிறந்தது. ஆறாம் நாள் காலையில் செத்துப்போனது. இன்னும் பெயர் வைக்கவில்லை. மாமியார் என் தலையைச் சுவர்ப் பக்கம் திருப்பிப் பிடித்துக்கொண்டார். "பாக்காத. பாத்தா அடுத்தது தங்காது." என் வீட்டுக்காரரும் அவர் அண்ணனும் பழைய சேலைத் துண்டில் சுற்றி எடுத்துப் போனார்கள். ஒரு மணி நேரத்தில் தலை நனைந்து திரும்பி வந்தார்கள். டீ குடித்தார்கள். எங்கே வைத்தீர்கள் என்று கேட்டேன். அதெல்லாம் கேட்கக்கூடாது என்றார்கள். மறுவாரம் எங்கள் வீட்டுப் பட்டுத்தறி மறுபடி ஓடியது.

எங்கள் ஆட்களில் பெரியவர்களை எரிப்போம். பச்சைக் குழந்தையைப் புதைத்துவிடுவோம். கல் கிடையாது, திதி கிடையாது. நாய் தோண்டாமல் இருக்க முள் போடுவார்கள், அவ்வளவுதான். பெண்கள் சுடுகாட்டுக்குப் போகவே கூடாது. தெருமுனையோடு சரி. பிறகு எனக்கு இரண்டு பையன்கள் பிறந்தார்கள். இரண்டும் தங்கின. ஆனால் அந்த இடத்தை நான் பார்த்ததில்லை. யாரோ ஒரு வெள்ளைக்காரனின் ஒன்பது நாள் மகள் இருக்கும் இடம் எனக்குத் தெரிகிறது, என் ஆறு நாள் மகள் இருக்கும் இடம் தெரியவில்லை. கல்லில் இருந்ததை நோட்டில் எழுத்து எழுத்தாக எழுதிக்கொண்டு வந்தேன்.

அந்த வாரமே வேறு ஒரு செய்தி வந்தது. சாப்பிடும்போது வீட்டுக்காரர்தான் சொன்னார். ஆற்றோரச் சுடுகாட்டில் சிமெண்டு எரிமேடை கட்டப்போகிறார்கள், குழந்தைகளைப் புதைத்த பக்கத்தை ஜேசிபி விட்டுச் சமன் செய்து கிராவல் கொட்டப்போகிறார்கள் என்று. நல்ல விஷயம், மழையில் பிணம் எரிக்க முடியவில்லை என்று சொல்லிக்கொண்டே மோர் ஊற்றிக்கொண்டார்.

"நம்ம பொண்ணு எங்க கீது?" என்று கேட்டேன்.

தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து போய்விட்டார்.

மறுநாள் அவர் தறியில் இருக்கும்போது பக்கத்தில் போய் நின்றேன். நோட்டைப் பிரித்து, அந்தக் கல்லில் இருந்ததை இங்கிலீஷில் படித்து, தமிழில் சொன்னேன். தறியில் குறுக்கே ஓடும் நாடா இரண்டு தடவை போய் வந்தது. பிறகு நின்றது.

"யாரு வெச்சது அந்தக் கல்ல?"

"அப்பன்."

"அம்மா இல்லியா?"

"அப்பன்னுதான் போட்டுகீது."

அவர் தறியில் நீளவாக்கில் கட்டிய பாவு நூலையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருடைய அண்ணன் செத்து நான்கு வருடம் ஆகியிருந்தது. இடம் தெரிந்த ஆள் உலகத்தில் இவர் ஒருவர்தான்.

"அரிச்சந்திரன் கல்லு இருக்குதில்ல, பாடைய எறக்கி வெப்பமே, அங்கிருந்து ஆத்தோரத்து ஒத்தப் பனைய நேரா பாத்து ஒரு பாவு தூரம்."

"அளந்தியா?"

"கயிறெல்லாம் இல்ல. நின்னு பாத்தேன். ஒரு பாவு. அது கண்ணுக்குத் தெரியாதா எனக்கு? மாசா மாசம் தெருவுல நீட்டிகினுதான கீறேன்."

"எதுக்குப் பாத்து வெச்ச, திரும்பப் போகவே மாட்டேன்னா?"

 தறி மறுபடி ஓட ஆரம்பித்தது. "நீ அங்கல்லாம் போகாத மே. ஊரு சிரிக்கும்," என்றார் தறிச் சத்தத்துக்கு நடுவில்.

சிரிக்கட்டும் என்று விட்டேன். இரண்டு நாள் கழித்து எங்கள் தெருவில் புதுப் பாவு நீட்டினார்கள். மூன்று சேலைக்கு வேண்டிய பட்டு நூலைத் தெருவின் நீளத்துக்கு இழுத்துக் கட்டி, குறுக்கே குச்சி கொடுத்து, அறுந்த இழையைப் பிணைப்பார்கள். அவர் டீ குடிக்கப் போன நேரத்தில் ஒரு சணல் கயிற்றைப் பாவின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை பிடித்து வெட்டிக்கொண்டேன். மொபெட்டின் முன்னால் ஒரு கருங்கல் துண்டு, இரண்டு சாண் உயரம். கயிற்றைச் சுற்றிப் பையில் போட்டேன். நட்ட நடு மத்தியானம் சுடுகாட்டுக்குப் போனேன்.

அங்கே காவலுக்கு இருந்தவர் வயதானவர். எங்கள் ஆட்கள் சின்னப் பிள்ளைகள் கூட அவரைப் பெயர் சொல்லி வாடா போடா என்பார்கள். நான் அண்ணா என்று கூப்பிட்டேன். விஷயத்தைச் சொன்னேன். வேண்டாம் என்று சொல்வார் என்று நினைத்தேன்.

"இத்தன வருசத்துல பொம்பளன்னு ஒருத்தி வந்து கேட்டது நீதாம்மா," என்றார். "கயித்தக் குடு. இந்த முனைய நான் புடிக்கிறேன்."

அவர் அரிச்சந்திரன் கல்லில் பிடித்துக்கொண்டார். நான் பனையைப் பார்த்து நடந்தேன். கயிறு விறைத்த இடத்தில் நின்றேன். முள்ளும் கற்றாழையும்தான் இருந்தன. சின்னச் சின்ன மேடுகள், கைக்குக் கை தூரத்தில். கருவியை எடுத்துப் பார்த்தேன். ஏழு மீட்டருக்குள் என்றது. அந்த ஏழு மீட்டருக்குள் எத்தனை குழந்தைகள் இருக்கும் என்று நினைத்துப் பார்த்துவிட்டு அதை அணைத்தேன். கையால் மண்ணைப் பறித்துக் கல்லை ஊன்றினேன். அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். திருப்தியாக வீட்டுக்கு வந்தேன்.

சாயங்காலம் வீட்டுக்காரர் மொபெட் பையில் கயிற்றைப் பார்த்துவிட்டார். எடுத்து முழம் போட ஆரம்பித்தார். நெசவுக்காரர் கை எது கிடைத்தாலும் முழம் போடும், அது பழக்கம். போட்டு முடித்துவிட்டு என்னிடம் வந்தார்.

"இன்னா கயிறு இது?"

"பாவு அளவு. இன்னிக்குக் கல்லு வெச்சிட்டு வந்துட்டேன். கத்தணும்னா கத்திக்கோ."

அவர் கத்தவில்லை. "அஞ்சு முழம் ஜாஸ்தி கீது."

"உன் பாவுலதான் புடிச்சேன்."

"இது இப்பத்திப் பாவு மே. இதுல மூணு சேலைக்கும் ரவிக்கத் துணி சேர்ந்து வருது. அந்த வருசம் நம்ம தறியில ரவிக்க ஏது? வெறும் சேலதான முதலாளி குடுத்தாரு?"

 மூன்று ரவிக்கைத் துணி அளவு ஆற்றுப் பக்கம் தள்ளிப் போயிருக்கிறேன். யாருடைய குழந்தையின் மேலோ கல்லை வைத்துவிட்டு அரை மணி நேரம் உட்கார்ந்து வந்திருக்கிறேன்.

"மெஷின்லாம் கைல வெச்சிகினு சுத்தற," என்றார் அவர். "எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டியா?"

"பத்துப் பன்னெண்டு வருசமா கேட்டேன். நீ வாயத் தொறந்தியா?"

 பிறகு அவர் கயிற்றின் ஒரு முனையிலிருந்து ஐந்து முழம் எண்ணி, அரிவாளால் அறுத்துப் போட்டார். "நாளைக்கு ஜேசிபி வருதாம். காலைல ஜல்தி கெளம்பணும். சின்னக் கல்லு வேலைக்காவாது. தூக்கிப் போட்டுட்டுப் போய்கினே இருப்பான். வேலிக்கல்லு வேணும்."

நிலத்துக்கு வேலி போட எங்கள் பக்கத்தில் பாறையைப் பிளந்து ஆறடிக்குக் கல் கம்பம் செய்வார்கள். விடிந்ததும் ஒன்றை மாட்டு வண்டியில் போட்டுக்கொண்டு வந்துவிட்டார். எங்கே வாங்கினார் என்று கேட்கவில்லை. நான் கடப்பாரையோடு வண்டியில் ஏறி உட்கார்ந்தேன். தெருவே பார்த்தது. மாமியார் வாசலில் நின்று, "புருசனுக்குமா புத்தி கெட்டுப் போச்சு?" என்றார். "ஆமா," என்று இவர் சொல்லிவிட்டு மாட்டை ஓட்டினார்.

அரிச்சந்திரன் கல்லில் அவர் கயிற்று முனையைப் பிடித்தார். நான் நடந்தேன்.

"இஸ்துப் புடி. தொய்வு இருக்கக் கூடாது," என்று அங்கிருந்து கத்தினார். "பனைக்கு நேரா. இன்னும் கொஞ்சம் சோத்தாங்கை பக்கம். ஆங், அங்கதான்."

கயிற்றைப் போட்டுவிட்டு வந்து நின்றார். மண்ணைக் காலால் தள்ளிப் பார்த்தார். பக்கத்தில் மண்ணில் பாதி புதைந்து ஒரு பாறை முனை இருந்தது. அதைப் பார்த்ததும் அவர் முகம் மாறியது. "இதான். இந்தப் பாறையில மம்பட்டி பட்டு அண்ணன் திட்டுனாரு. இதான்." பிறகு தெற்கே கை காட்டினார். "தல அந்தப் பக்கம்."

தலை எந்தப் பக்கம் என்று அதுவரை நான் கேட்கக் கூட நினைத்ததில்லை.

அவர் அந்த இடத்தில் கடப்பாரை போடவில்லை. தெற்கே ஒரு முழம் தள்ளித்தான் குழி பறித்தார். மூன்றடி. நான் மண்ணை அள்ளினேன். காவல்காரரும் வந்து சேர்ந்துகொண்டார். மூன்று பேரும் கல்லை நிமிர்த்திக் கெட்டித்துக்கொண்டிருக்கும்போதே ஜேசிபி வந்துவிட்டது. டிரைவர் எங்கள் வயதுக்குப் பாதிதான் இருப்பான். எஞ்சினை நிறுத்தாமல் எட்டிப் பார்த்தான்.

"யக்கா, இங்க பொம்பளைங்க வரக் கூடாது."

"யாரு சொன்னது?"

"எல்லாரும்தான் சொல்றாங்க."

"எல்லாரையும் இட்டுகினு வா. பேசிக்கலாம்."

"கல்ல எடுங்கக்கா, நான் லெவல் பண்ணணும்."

"மூணடி எறக்கிக் கெட்டிச்சாச்சு. எடுக்கணும்னா நீயே எடு. உன் டீசல்."

கல்லைப் பார்த்தான். என்னைப் பார்த்தான். வீட்டுக்காரர் கல்லோடு ஒட்டி நின்றார், தோளில் கடப்பாரையோடு. டிரைவர் யாருக்கோ போன் போட்டான். வேலை நடக்க வேண்டும், சுற்றிக்கொண்டு போ என்று பதில் வந்திருக்கும். முனகிக்கொண்டே வண்டியைப் பின்னால் எடுத்தான். அப்போது ஆற்றுப் பக்கம் இருந்த இன்னொரு கல் அவன் கண்ணில் பட்டது. நேற்று நான் தப்பாக வைத்தது.

"அந்தச் சின்னக் கல்லும் உங்களுதா?"

வீட்டுக்காரர் இல்லை என்று சொல்ல வாயெடுத்தார்.

"ஆமா," என்றேன் நான். "அதும் எங்களுதுதான்."

இரண்டையும் சுற்றிக்கொண்டுதான் போனான். பெரும் பேஜார் என்று திட்டிக்கொண்டே போனான். கிராவல் கொட்டிய பிறகு பெரிய கல் இரண்டரை அடி தெரிந்தது. சின்னக் கல் ஒரு சாண் தெரிந்தது. மற்ற எல்லா மேடும் போய்விட்டது. எரிமேடை அந்தப் பக்கம் எழும்பியது.

நான் போவதை நிறுத்தவில்லை. மாதம் ஒரு தடவை போனேன். தெருவில் பேச்சு முதலில் பெரிதாக இருந்தது, பிறகு அலுத்துப் போனார்கள்.

ஒரு நாள் சென்டருக்கு அடுத்த தெருப் பெண் ஒருத்தி வந்தாள். என்னைவிட மூத்தவள், நூல் சுற்றுகிறவள். கம்ப்யூட்டர் பக்கம் அவள் திரும்பிக் கூடப் பார்க்கவில்லை. நேராக என் மேசைக்கு வந்தாள்.

"சுடுகாட்டுல ரெண்டு கல்லு வெச்சிகீறியாமே. உனக்கு ஒண்ணுதான போச்சு?"

"ஒண்ணுதான்."

"அப்ப அந்தச் சின்னது யாருது?"

"தெரியாதுக்கா. தப்பா அளந்து வெச்சிட்டேன். யாரு கொழந்தையோ."

மேசைப் பக்கம் இருந்த ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"எனக்கு ரெண்டு போச்சு," என்றாள். "எங்க வெச்சாங்கன்னு கேட்டதில்ல. இப்ப கேக்கலாம்னா சொல்றதுக்கு ஆளும் இல்ல. அந்தக் கல்ல நான் வெச்சிக்கவா?"

"அக்கா, அது உங்களுது இல்ல. யாருதுன்னே தெரியாது. தப்பான கல்லு."

"யாருதாவதுதான? கேக்க யாரும் வரலதான? அப்ப நான் வெச்சிக்கிறேன்." புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டாள். "வழி தெரியாது எனக்கு. அந்தப் பக்கம் போனதே இல்ல."

உள்ளே இரண்டு பையன்கள் ரிசல்ட் பார்த்துக்கொண்டிருந்தார்கள். முடித்துக்கொண்டு கிளம்புங்கள் என்றேன். ஷட்டரை இழுத்துப் பூட்டினேன். மணி பதினொன்று கூட ஆகவில்லை. அவள் மொபெட்டின் பின்னால் ஒரு பக்கமாக உட்கார்ந்து, என் தோளைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள்.